சென்னை வெயிலில் குழந்தைகளுக்குப் பழத் தயிர்: புளிக்காமல், தண்ணீர் விடாமல் வீட்டிலேயே செய்வது எப்படி

மாம்பழத்தை மிக்ஸியில் அடித்து, இருக்கிற தயிரில் கலந்து, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால் பழத் தயிர் தயார் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கிண்ணத்தில் பாதி தண்ணீர் நிற்கும், மீதி புளித்திருக்கும். குழந்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடும். அடுத்த முறை புளிப்பை மறைக்க மூன்று கரண்டி சர்க்கரை போடுவோம். அப்படியே போனால் கடைக் கப்புக்கும் நம் கிண்ணத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

குழந்தைகளின் பழத் தயிரில் சர்க்கரையைக் குறைக்கும் வேலை பழம் கலக்கும்போது நடப்பதில்லை, உறை ஊற்றும்போதே நடக்கிறது. புளிப்பு ஏறுவதற்கு முன் நிறுத்திய தயிர் தானாகவே லேசான இனிப்போடு இருக்கும். அதற்கு நல்ல பழமே போதும். நம் ஊர் வெயிலில் தயிர் சீக்கிரம் உறையும், அதே வேகத்தில் புளிக்கவும் செய்யும். அதனால் இந்த வழிகாட்டியில் தயிருக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் வயதுக் கணக்கு

ஆறு மாதத்துக்கு முன் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம், தயிரும்தான். ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய பிறகு, வீட்டில் செய்த இனிப்பில்லாத தயிரை ஓரிரு கரண்டி கொடுக்கலாம். ஒரு வயது வரை தேன் கூடாது, ஒரு துளிகூட. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகளைக் கைக்குழந்தையின் குடலால் சமாளிக்க முடியாது. இரண்டு வயது வரை சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் சேர்க்காமல் பழத்தின் இனிப்போடு நிறுத்துங்கள். வெல்லமும் கருப்பட்டியும் நிறத்தில்தான் வேறு, இந்தக் கணக்கில் அவையும் சர்க்கரைதான். முழு முந்திரி, பாதாம், திராட்சை தொண்டையில் சிக்கும். ஐந்து வயது வரை பருப்புகளைப் பொடியாக மட்டும் தூவுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

முதல் முறை பால் பொருள் கொடுத்ததும் தோலில் தடிப்பு, உதட்டு வீக்கம், தொடர்ந்து வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் நேராக மருத்துவமனைக்கு.

பால்

ஆவின் பாலில் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. பழத் தயிருக்குப் பச்சைதான் எங்கள் தேர்வு. ஆரஞ்சு பாலில் தயிர் மிகக் கெட்டியாக வரும், ஆனால் நாக்கில் வெண்ணெய் ஒட்டியது போல ஒரு கனம் இருக்கும். பழத்தின் வாசனை அதில் அடங்கிப் போகும். நீலம்தான் கிடைத்தது என்றால் அரை லிட்டருக்கு 2 டேபிள்ஸ்பூன் பால் பவுடர் சேர்த்தால் சரியாகிவிடும். பவுடரை ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கிற பாலில் போட்டால் உருண்டை உருண்டையாக நிற்கும்.

ஒரு லிட்டர் கணக்கில் சொல்கிறோம். இது 100 கிராம் கிண்ணத்தில் ஏழு கிண்ணம் வரும்.

பாலை அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சி, பொங்கி வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கிப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்ததுதானே, எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்கலாம். கிருமிக்காக மட்டும் இல்லை. நீண்ட நேரம் சூடேறும்போது பாலின் நீரில் கரைந்திருக்கும் புரதங்கள் அவிழ்ந்து, தயிராகக் கட்டும் கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய தயிர் தண்ணீரைத் தன்னுள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பொங்கு பொங்கியதும் இறக்கிய பாலில் செய்த தயிர் கரண்டி பட்டதும் தண்ணீர் விடுவதற்கு இதுதான் காரணம். பத்து நிமிடத்தில் ஒரு லிட்டர் சுமார் 900 மில்லியாக வற்றும். அந்த வற்றலும் கெட்டித்தன்மைக்கு உதவும்.

ஆடையை எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடும் ஆடை, குழந்தையின் பழத் தயிரில் திரித்திரியாக வாயில் படும். அதற்காகவே துப்பிவிடும் குழந்தைகள் உண்டு.

உறை ஊற்றுவது

பால் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை ஆற வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் சுத்தமாகக் கழுவிய சுண்டு விரலை விட்டுப் பத்து எண்ணுங்கள். சூடு தெரிய வேண்டும், ஆனால் விரலை எடுக்கத் தோன்றக் கூடாது. ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டால் இன்னும் ஆறட்டும். 50 டிகிரிக்கு மேல் உறையைச் சேர்த்தால் அதிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடும், இன்னும் சூடாக இருந்தால் செத்தே போகும். பால் பாலாகவே நிற்கும்.

உறைக்கு எடுக்கும் தயிர் நேற்று உறைந்து ஃப்ரிட்ஜில் இருந்ததாக, புளிக்காததாக இருக்க வேண்டும். புளித்த தயிரைப் போட்டால் முதல் மணி நேரத்திலேயே புளிப்பு தொடங்கிவிடும். வீட்டுத் தயிர் புளித்துவிட்டதென்றால் தயங்காமல் கடையில் ஒரு சின்ன பாக்கெட் சாதாரணத் தயிர் வாங்கி அதை உறையாக வையுங்கள்.

அளவு விஷயத்தில் கை தாராளம் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு லிட்டருக்கு 2 டீஸ்பூன். டிசம்பர், ஜனவரியில் 4 டீஸ்பூன். அவ்வளவுதான். உறை அதிகமானால் கெட்டியாக உறையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது நேர் எதிர்: அமிலம் மடமடவென்று ஏறி, புரதம் அவசரமாகச் சுருங்கி, தயிர் ரவை ரவையாகவும் தண்ணீராகவும் பிரிந்துவிடும். உறையை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலில் நன்றாகக் கரைத்து, அதை மீதிப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். பிறகு பாத்திரத்தை அசைக்காதீர்கள். மண்சட்டி கிடைத்தால் மிக நல்லது, ஓரளவு தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

எப்போது நிறுத்துவது

சென்னைக் கோடையில் நான்கிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடும். மழைக்காலத்தில் ஆறு மணி நேரம் ஆகலாம், மார்கழி, தை மாதங்களில் ஏழு முதல் ஒன்பது மணி நேரம். இரவு பத்து மணிக்கு உறை ஊற்றி, காலை ஆறு மணிக்குப் பார்க்கும் நம் பழக்கம் மார்கழிக்குச் சரி. மே மாதத்தில் அந்தத் தயிர் விடியற்காலை மூன்று மணிக்கே உறைந்து, அடுத்த மூன்று மணி நேரமும் புளித்துக்கொண்டிருக்கும். கோடையில் மாலை ஆறு மணிக்கு உறை ஊற்றிப் படுக்கப் போகும்முன் பத்தரை மணிக்கு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் காலை பத்து மணிக்குத் தொடங்கலாம்.

பாத்திரத்தை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஒரே கட்டியாக நகர்ந்து ஓரத்தை விட்டு விலகினால் போதும், அது இன்னும் கொஞ்சம் தளதளவென்று ஆடினாலும் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்வரை குளிர ஓரிரு மணி நேரம் பிடிக்கும், அதுவரை புளிப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். கல் மாதிரி உறையட்டும் என்று காத்திருந்து, மேலே மஞ்சள் நிறத் தண்ணீர் தெரிந்த பிறகு எடுத்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தயிர் பெரியவர்களின் தயிர்சாதத்துக்கு.

குளிர்காலத்தில் உறையவில்லை என்றால் பாத்திரத்தை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வையுங்கள், அல்லது மூடிய ஹாட்பாக்ஸில். இட்லிப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அடுப்பு அணைந்த நிலையில் அதனுள் வைத்து மூடுவதும் நன்றாக வேலை செய்யும்.

தயிரை வடிப்பது

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் மீதி எல்லாம் வீண். பழத்தில் தண்ணீர், தயிரில் தண்ணீர். இரண்டையும் அப்படியே சேர்த்தால் மோர்தான் கிடைக்கும்.

நான்கு மணி நேரம் குளிர்ந்து இறுகிய பிறகுதான் தயிரை வடிக்க வேண்டும். வெதுவெதுப்பான தயிரைத் துணியில் கொட்டினால் பாதி தயிரே துணி வழியாகப் போய்விடும். ஒரு பெரிய வடிகட்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்து, கொதிநீரில் அலசிப் பிழிந்த மெல்லிய வேட்டித் துணியை விரித்து, தயிரை அதில் கரண்டியால் மெதுவாகப் போடுங்கள். மூடி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். சமையலறைக் குழாயில் கட்டித் தொங்கவிடுவது குளிர் ஊருக்குச் சரி. இங்கே இரண்டு மணி நேரம் வெளியே தொங்கினால் நாம் பாடுபட்டுக் காப்பாற்றிய இனிப்பு போய்விடும்.

நேரத்தைவிடத் தண்ணீரின் அளவைப் பாருங்கள். 900 மில்லி தயிரிலிருந்து 300 மில்லி தண்ணீர் இறங்கியதும் நிறுத்துங்கள். சாதாரணமாக இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அதற்கு மேல் விட்டால் ஸ்ரீகண்ட் பதத்துக்குப் போய், சின்னக் குழந்தைக்கு விழுங்கக் கனமாக இருக்கும். துணியில் இருக்கும் 600 கிராம் தயிரைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி வழுவழுப்பாக்குங்கள். மிக்ஸி வேண்டாம், ஒரே சுற்றில் கட்டமைப்பு உடைந்து திரும்பவும் நீர்த்துப் போகும்.

வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைய உதவும்.

பழம்

100 கிராம் வடித்த தயிருக்கு 25 முதல் 30 கிராம் பழ விழுது என்பது பொதுக் கணக்கு. விழுது எப்போதும் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான விழுது பட்ட இடத்தில் தயிர் திரிந்து நூல் நூலாகும்.

மாம்பழம். கோயம்பேட்டில் கோடை முழுக்கக் கிடைக்கும் பங்கனப்பள்ளி இதற்கு நல்ல பழம், நார் இல்லை. நடுத்தரப் பழம் ஒன்றில் சுமார் 200 கிராம் சதை வரும். தண்ணீர் விடாமல் அரைத்து, வாணலியில் மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் கிளறுங்கள். கரண்டியால் நடுவில் கோடு போட்டால் அந்தக் கோடு இரண்டு நொடி நிற்க வேண்டும். 150 கிராமாக வற்றியிருக்கும். இனிப்பும் அதே அளவுக்கு ஏறியிருக்கும், சர்க்கரை தேவைப்படாது. இமாம் பசந்த் மட்டும் விதிவிலக்கு. அடுப்பில் ஏற்றினால் அதன் மணம் போய்விடும். அதைப் பொடியாக நறுக்கி, பரிமாறும்போது மேலே போட்டு அப்போதே சாப்பிட வேண்டும். தோல் பளிச்சென்று மஞ்சளாக இருந்து உள்ளே வெளுத்துப் புளிக்கும் பழம் சரியாகப் பழுக்காதது. எவ்வளவு வற்ற வைத்தாலும் மணம் வராது.

அன்னாசி. இதை ஒருபோதும் பச்சையாகத் தயிரில் போடாதீர்கள். அதிலுள்ள ப்ரோமலைன் என்ற நொதி பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். அரை மணி நேரத்தில் தயிர் நீர்த்து, ஒரு கசப்பு ஏறும். பலரும் தயிர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டுவது இதனால்தான். 200 கிராம் துருவலை ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையோடு (இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் சர்க்கரை இல்லாமல்) தண்ணீர் முழுதும் சுண்டும்வரை பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டால் நொதி செயலிழந்துவிடும். பப்பாளிக்கும் கிவிக்கும் இதே குணம் உண்டு. பப்பாளியை வேகவைத்தால் சுவை சுமார்தான், தனியாகவே சாப்பிடக் கொடுங்கள்.

வாழைப்பழம். ஏலக்கி, மலைவாழை இரண்டும் பொருந்தும். பூவன் கொஞ்சம் புளிக்கும். கொடுக்கும் நேரத்தில் மசித்துக் கலந்தால் போதும், வைத்தால் கறுக்கும். பத்து மாதக் குழந்தைக்கு இதுவே சிறந்த தொடக்கம்.

சப்போட்டா நன்றாகக் கனிந்திருக்க வேண்டும், காயாக இருந்தால் நாக்கைப் பிடிக்கும். விதை முனை கொக்கி போல இருக்கும், ஒன்றுகூட விடாமல் எண்ணி எடுங்கள். பலாச்சுளையை ஆவியில் பத்து நிமிடம் வேகவைத்து அரைத்தால் மணமான விழுது கிடைக்கும்.

ஸ்ட்ராபெர்ரிதான் பிள்ளைகள் கேட்பது. சென்னைக்கு வரும் பழம் பெரும்பாலும் புளிப்பு. 200 கிராம் பழத்தை நறுக்கி, விதை நீக்கிய ஆறு பேரீச்சையோடு அடி பிடிக்காமல் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து மசியுங்கள். கடைக் கப்பின் ரோஜா நிறம் வராது, மங்கிய சிவப்புதான் வரும். நிறம் வேண்டுமென்றே அடம்பிடித்தால் வேகவைத்த பீட்ரூட் சாறு ஒரு கிண்ணத்துக்கு கால் டீஸ்பூன். அரை டீஸ்பூன் ஆனால் மண் வாசனை அடிக்கும்.

பேரீச்சை விழுது வருடம் முழுக்கக் கைகொடுக்கும். எட்டுப் பழத்தை கால் டம்ளர் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே அரையுங்கள். ஒரு கிண்ணத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும்.

கருப்பட்டிச் சுவை இரண்டு வயதுக்கு மேல். 100 கிராம் கருப்பட்டியை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, மண், தூசி போகத் துணியில் வடிகட்டி, தேன் பதத்துக்குக் காய்ச்சி ஆற வையுங்கள். ஒரு டீஸ்பூன் பாகும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் ஒரு கிண்ணத்துக்கு. பாலிலேயே கருப்பட்டியைப் போட்டு உறைய வைக்கலாமே என்று முயல வேண்டாம், சூடான பால் திரிந்துவிடும்.

வடிக்காமல் செய்யும் ஏலக்காய்த் தயிர்

பழமே இல்லாத நாளுக்கு, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது. அரை லிட்டர் பச்சை பாக்கெட் பாலில் 2 டேபிள்ஸ்பூன் பால் பவுடர், ஒன்றரை டேபிள்ஸ்பூன் சர்க்கரை, தட்டிய இரண்டு ஏலக்காய் சேர்த்து, முன்பு சொன்னபடி பத்து நிமிடம் காய்ச்சி வடிகட்டுங்கள். பொறுக்கும் சூட்டில் ஒரு டீஸ்பூன் உறையைக் கலந்து, சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, டம்ளரிலேயே உறைய விடுங்கள். சர்க்கரையை இதற்கு மேல் ஏற்றினால் இனிப்பு மட்டும் அல்ல, உறையும் நேரமும் கூடும், ஏனென்றால் சர்க்கரை மிகுந்த பாலில் பாக்டீரியா மெதுவாகத்தான் வளரும். பழத் துண்டுகளை இப்படிப் பாலில் போட்டு உறைய வைக்க முடியாது. பழத்தின் புளிப்பும் நீரும் உறைவதைக் குலைத்துவிடும்.

கலப்பதும் வைப்பதும்

வடித்த தயிரையும் குளிர்ந்த விழுதையும் கரண்டியால் மடித்து மடித்துக் கலக்குங்கள், அடிக்காதீர்கள். விழுதை அடியில் வைத்து மேலே தயிரைப் போட்டு, சாப்பிடும்போது குழந்தையையே கலக்கச் சொன்னால் இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். வேகவைத்த பழம் சேர்த்தது ஃப்ரிட்ஜின் உள்தட்டில் மூன்று, நான்கு நாள். பச்சைப் பழம் சேர்த்தது அன்றைக்கே. கதவுத் தட்டு வேண்டாம், அங்கே சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குழந்தை வாய்வைத்த கரண்டி மறுபடி பெரிய கிண்ணத்துக்குள் போகக் கூடாது.

பள்ளி டிபன் பாக்ஸுக்குப் பழத் தயிர் அனுப்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காலை ஏழு மணிக்குக் கட்டியது மதியம் வரை வெயிலில் இருந்தால் புளித்துப் பொங்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இரவே ஃப்ரீசரில் உறைய வைத்த டப்பாவை, ஐஸ் பேக்கோடு குளிர்காக்கும் பையில் வையுங்கள். திறக்கும்போது டப்பா ஜில்லென்று இல்லாவிட்டால் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கொடுப்பதே நல்லது. தயிர் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி பயந்தால், சளி வைரஸால் வருவது, தயிரால் அல்ல என்று சொல்லுங்கள். அவர்கள் மனநிறைவுக்குப் பதினைந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடலாம்.

சரியாக வராதபோது

தயிர் கொழகொழவென்று நூலாக இழுத்தால், குறைந்த சூட்டில் உறைந்திருக்கிறது அல்லது உறையில் வேறு பாக்டீரியா கூட்டம் பெருகிவிட்டது. குழந்தைகள் இதைத் தொடமாட்டார்கள். உறையை மாற்றி, பாலின் சூட்டை 42 டிகிரியாக வையுங்கள்.

கோடையில் எட்டு மணி நேரம் ஆகியும் பாலாகவே இருந்தால் உறை செத்துவிட்டது. மே மாதத்தில் அந்தப் பாலுக்கு மறுபடி உறை ஊற்றிக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அதற்குள் வேறு கிருமிகள் இடம் பிடித்திருக்கும்.

பழம் கலந்த தயிரில் குமிழிகள், கள் வாசனை வந்தால் ஈஸ்ட் பெருகிவிட்டது. மேலே இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் புள்ளி எது தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கக் கூடாது. முழுக் கிண்ணமும் குப்பைக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு முறையும் தயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்புக் கூடிக்கொண்டே வந்தால் குற்றம் உறையில்தான். நல்ல தயிர் அமைந்த நாளில், பழம் கலக்கும் முன்பே இரண்டு டேபிள்ஸ்பூன் தனியாக எடுத்து, ஐஸ் ட்ரேயில் குழிக்கு 2 டீஸ்பூனாக உறைய வையுங்கள். ஒரு கட்டியை வெளியே எடுத்து இளகவிட்டால் கோடையில் ஒரு லிட்டருக்கான உறை தயார், ஒரு மாதம் வரை தைரியமாகப் பயன்படுத்தலாம்.